தொட்டிச் செடிகளுக்கு உரம் தெரிந்தெடுத்தலும் அளத்தலும்

தென்காசியையும் குற்றாலத்தையும் அடுத்த மேலகரம் முதலிய ஊர்களில் துளசி, மல்லிகை, ரோஜா, குரோட்டன் ஆகியவற்றை வீட்டு முற்றத்திலும் அலுவலகத் தாழ்வாரத்திலும் தொட்டிகளில் வளர்ப்பது வழக்கம். வயலுக்கு வாங்கிய யூரியாவில் மிஞ்சியதைத் தொட்டியில் அள்ளியிடுவாரும் உளர். சில தினங்களில் இலை நுனி கருகிச் செடி மடியுமாயின், பூச்சியென்றும் நீர்க்குறைவென்றும் எண்ணுகின்றனர். உண்மைக் காரணம் உரத்தின் மிகுதியேயாம்.

பத்து அங்குல விட்டமுள்ள தொட்டியின் மேற்பரப்பு அரைச் சதுர அடிக்குச் சற்று அதிகம். அத்தகைய தொட்டிகள் சுமார் 80,000 சேர்ந்தால்தான் ஓர் ஏக்கர் பரப்பாகும். ஆகவே ஏக்கருக்கு 45 கிலோ மூட்டை ஒன்று இடுவதென்றால், தொட்டியொன்றின் பங்கு அரைக் கிராமுக்குச் சிறிது மேற்பட்டதே. ஒரு தேக்கரண்டி யூரியா ஏறக்குறைய 4 கிராம் நிறையுள்ளது. அதை இடுவது ஏக்கருக்கு ஏழு மூட்டை கொட்டுவதை ஒக்கும். மண்ணீரில் உப்பு மிகுந்தால் வேர் நீரை உறிஞ்ச மாட்டாது. வயற்பயிரின் வேர் விலகியோட இடமுண்டு. தொட்டிச் செடிக்கோ அவ்விடமில்லை.

உரப்பையில் அச்சிட்ட மூன்று எண்கள் முறையே தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகியவற்றை நூற்றுக்கு இவ்வளவென்று காட்டுவன. யூரியா 46:0:0, டி.ஏ.பி. 18:46:0. மூன்றும் சமமாயுள்ள, நீரிற் கரையும் 19:19:19 உரமே தொட்டிகளுக்கு உசிதமானது. அடியிலைகள் முழுதும் வெளிறி மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறைவென்றும், முதிர்ந்த இலைகளின் ஓரம் கருகினால் சாம்பல்சத்துக் குறைவென்றும் பெரும்பாலும் கொள்ளலாம். ஆயினும் உரமிகுதியாலும் ஓரம் கருகுமாதலால், முன்னர் இட்ட அளவை விசாரித்தறிதல் அவசியம்.

நுண்ணிய தராசு இல்லாதோர் கடையில் 10 கிராம் நிறுத்து வாங்கி, ஒரு லிட்டர் நீரிற் கரைத்து வைத்துக்கொள்க. அதில் 100 மில்லி எடுத்து 900 மில்லி நீர் சேர்த்தால், லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் அமையும். இந்நீரைப் பத்து அங்குலத் தொட்டிக்குக் கால் லிட்டர் வீதம், பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை, ஈரமான மண்ணில் ஊற்றுக. காய்ந்த மண்ணில் ஊற்றலாகாது.

ஜூன் முதல் ஆகஸ்டு வரை குற்றாலச் சாரல் பெய்யுங்காலத்தில், திறந்த வெளியிலுள்ள தொட்டிகளுக்கு உரம் இடுவது வீண். தழைச்சத்து அடித்துளை வழியே நீருடன் வெளியேறிவிடும். அக்காலத்தில் துளை அடையாதபடி பார்த்துக்கொண்டு, மழை ஓய்ந்தபின் மேற்கூறிய அளவைத் தொடங்குதல் நலம். முன்னமே மிகுதியாய் இட்டுவிட்டவர்கள், அடித்துளை வழியே தாராளமாய் வடியும்படி நல்ல நீரை இரண்டு மூன்று முறை ஊற்றினால், வேர் முற்றும் கெடாத செடி பிழைத்தல் கூடும்.