வாக்கியம் பழகுவோம் – 7: லோரிகள் நின்றதா, நின்றனவா?

‘தென்னமரம் தோட்டத்திலிருந்து செம்பனைக் குலைகளை ஏற்றிவந்த மூன்று லோரிகள் ஆலை வாசலில் நின்றது.’

இதில் பிழை எங்கே என்று கேட்டால், பிள்ளைகள் முதலில் ‘குலைகளை’ என்ற சொல்லில் தேடுவார்கள். பிறகு ‘வாசலில்’. கடைசிச் சொல்லைச் சந்தேகிப்பவர் குறைவு. அதற்குக் காரணம் வீட்டில் இருக்கிறது. “மூனு லோரியும் ஆலையில நின்னுச்சு” என்றுதான் அப்பா சொல்கிறார். பேச்சுத் தமிழில் அஃறிணைக்கு ஒருமை வினையே பன்மைக்கும் போதும். ‘நின்றன’ என்பது வீட்டுக்குள் வராத சொல். ஆக, பிள்ளை கவனக்குறைவால் தவறவில்லை. வீட்டில் பழகிய இலக்கணத்தையே எழுத்திலும் கடைப்பிடித்திருக்கிறது.

உயர்திணையைப் பாருங்கள். ‘ஆளுங்க வந்தாங்க’ என்பதில் பன்மை வினையிலேயே இருக்கிறது. அதனால் ‘ஆட்கள் வந்தான்’ என்று யாரும் எழுதுவதில்லை. ஆனால் இதே ‘ஆங்க’ வேறொரு வம்பை இழுத்துவிடுகிறது. மரியாதைக்குரிய ஒருவருக்கும் அதுதான், பலருக்கும் அதுதான். “ஒவ்வொருத்தரும் பரிசு வாங்குனாங்க” என்று கேட்டு வளர்ந்த பிள்ளை ‘ஒவ்வொரு மாணவரும் பரிசு பெற்றனர்’ என்று எழுதும். ‘பெற்றார்’ என்பதே எழுத்து வழக்கு.

நன்னூல் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழு வழுக்களைச் சொல்கிறது. மேலே கண்டவை பால் வழுவில் அடங்கும். அதே நூல் வழுவமைதிக்கும் இடம் தருகிறது: உவப்பினால் பசுவை ‘அம்மை’ என்று சொன்னால் குற்றமில்லை. தேர்வுத் தாளில்தான் அந்தப் பெருந்தன்மை காணாமல் போகிறது. ‘இது என் புத்தகம் அல்ல’ என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். மரபுப்படி ஒருமைக்கு ‘அன்று’தான். ஆனால் இன்று நாளிதழும் பாடநூலும் ‘அல்ல’ என்றே எழுதும்போது, அதைப் பிழையாக்கிப் பத்து வயதுப் பிள்ளையின் புள்ளியைப் பறிப்பது நியாயமில்லை. வழக்கு இரண்டுபட்ட இடத்தில் கேள்வி வைக்கவே கூடாது.

மலேசியாவின் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான யு.பி.எஸ்.ஆர். 2021இல் நிறுத்தப்பட்டது. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் மட்டும் நிற்கவில்லை. தெரியாமலே வட்டமிட்டாலும் நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. சரியாக விழுந்துவிட்டால் அந்தப் பிள்ளைக்கு விளங்கவில்லை என்பது ஆசிரியருக்குத் தெரியாமலே போகும். விடையைச் சொல்லாமல் வாக்கியத்தைத் திருத்தி எழுதச் சொல்லுங்கள்.

வழி எளிது. முதலில் பயனிலைக்குக் கோடிடட்டும். ‘எது நின்றது?’ என்று கேட்கட்டும். லோரிகள். தோட்டம், குலை, ஆலை என மற்ற எல்லாவற்றையும் பென்சிலால் அடிக்கட்டும். ‘லோரிகள் நின்றது’ என்ற இரண்டு சொல் மட்டும் மிஞ்சும்போது, குறை கண்ணில் பட்டுவிடும். எழுவாய்க்கும் பயனிலைக்கும் இடையே சொற்கள் கூடக் கூடத்தான் பிழையும் ஒளிந்துகொள்கிறது.

பயிற்சி வாக்கியங்களை நம் ஊரிலிருந்தே எடுங்கள். மயிலும் மாந்தோப்பும் வேண்டாம். 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தாயின் தென்னமரத்தில்தான் 1917இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் உருவானது. அந்த மரங்களைத் தினமும் பார்க்கிற பிள்ளைக்கு, எது ஒன்று, எது பல என்பது வாக்கியத்திலும் சட்டெனத் தெரியும்.

அடுத்த வாரம்: ‘மணி அடித்து மாணவர்கள் வெளியே வந்தனர்’ – இதில் அடித்தது யார்?