தீர்ப்புச் சொல்லும் சிறுவர்கள்

ஞாயிற்றுக்கிழமை அதிகாலை. சென்னைப் பெஸன்ட் நகர்க் கடற்கரையில் உலாவிக்கொண்டிருந்தோம். 1930-ஆம் வருஷத்தில், கடலில் தத்தளித்த ஒருவரைக் காப்பாற்றப் போய்த் தம் உயிரை நீத்த கார்ல் ஷ்மிட் என்ற டேனிஷ்காரருக்கு எழுப்பிய வெள்ளை மண்டபம் அங்கே இருக்கிறதல்லவா? அதற்குச் சற்று அப்பால், மணலில் பத்துச் சிறுவர் சிறுமியர் ஓடிக்கொண்டிருந்தார்கள். எவர் காலிலும் செருப்பு இல்லை. செருப்புக்கள் எல்லாம் வரிசையாக எல்லைக்கோடு காட்டும் உத்தியோகத்தில் அமர்ந்திருந்தன.

அவர்கள் தலைக்கு மேல் ஒரு வெள்ளைத் தட்டு காற்றில் மிதந்து வந்தது. பதினான்கு வயது மதிக்கத்தக்க ஒரு பெண் எம்பிக் கையை நீட்டினாள். பக்கத்திலிருந்து பாய்ந்த சிறுவனின் கை அவள் மணிக்கட்டில் பட்டது. தட்டு மணலில் விழுந்தது. "ஃபவுல்!" என்று கூவினாள் பெண். எல்லோரும் நின்ற இடத்திலேயே சிலையாக நின்றார்கள்.

நாம் நடுவரைத் தேடினோம். விசிலும் கையுமாக யாரையும் காணோம். அந்தச் சிறுவன் ஒரு கணம் யோசித்தான். பிறகு, "ஆமாங்க்கா, என் கை பட்டுச்சு" என்றான். தட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தான். ஆட்டம் மறுபடி நடந்தது.

தன் கட்சிக்கு நஷ்டம் என்று தெரிந்தும், யாரும் வற்புறுத்தாமல், பத்துப் பேர் முன்னிலையில் தன் தவற்றை ஒப்புக்கொள்ளும் பன்னிரண்டு வயதுப் பையனை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? பெரியவர்களிலேயே இத்தகையோர் அருமை. இந்த ஆட்டத்தைப் பற்றி நேயர்களுக்குச் சொல்லவேண்டுமென்ற எண்ணம் அப்போதுதான் நமக்கு உண்டாயிற்று.

ஆட்டம் இன்னதென்பது

இதற்கு 'அல்டிமேட்' என்று பெயர். 'பிரிஸ்பீ' என்பது ஒரு கம்பெனியின் வியாபாரப் பெயராகையால், சர்வதேச விதிகளில் அச்சொல் இடம் பெறுவதில்லை. ஆடும் தட்டின் எடை 175 கிராம். குறுக்களவு சுமார் 27 சென்டிமீட்டர். புல்தரை ஆட்டத்தில் கட்சிக்கு எழுவர். கடற்கரை ஆட்டத்தில் ஐவர். புல்தரை மைதானத்தின் நீளம் 100 மீட்டர், அகலம் 37 மீட்டர். இரு முனையிலும் 18 மீட்டர் ஆழத்துக்கு ஒவ்வொரு கோட்டை. எதிரியின் கோட்டைக்குள் நின்று தன் கட்சிக்காரன் எறிந்த தட்டைப் பிடித்துவிட்டால் ஒரு புள்ளி.

தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக்கூடாது. ஒரு காலை ஊன்றியபடியே நின்று, பத்து விநாடிக்குள் வேறொருவருக்கு எறிந்துவிட வேண்டும். எதிரே காவல் நிற்பவர் உரத்த குரலில் எண்ணுவார். எறிந்த தட்டு தரையைத் தொட்டாலும், எதிரி கைக்குப் போனாலும், ஆட்டம் கை மாறிவிடும். ஆகவே, எவ்வளவு கெட்டிக்காரனானாலும் தனி ஒருவனாக இதில் ஜயிக்க முடியாது.

தட்டு எப்படி மிதக்கிறது? நம் வீட்டுப் பிள்ளைகள் விடும் பம்பரத்தைக் கவனியுங்கள். சுழலும் வரையில் அது சாய்வதில்லை. தட்டும் அப்படியே, மணிக்கட்டின் சுழற்சிதான் அதை நிலை குலையாமல் வைத்திருக்கிறது. முன்னோக்கிச் செல்லும்போது, வளைந்த மேற்புறத்தைத் தழுவிச் செல்லும் காற்று அதை மேலே தாங்குகிறது. சுழற்சியின்றி எறிந்தால் காற்றில் பிடிபட்ட வாழையிலை மாதிரி புரண்டு விழும். பலத்தைக் காட்டிலும் லாகவமே இங்கு முக்கியமாகையால், மெலிந்த குழந்தையும் தடித்த குழந்தைக்குச் சமானமாக ஆட இடமுண்டு.

மாணவர் கண்ட ஆட்டம்

இந்த ஆட்டத்தைப் பெரியவர்கள் யாரும் மகாநாடு கூட்டி ஏற்படுத்திவிடவில்லை. 1968-இல் அமெரிக்காவின் நியூஜெர்ஸி மாகாணத்தில், மேப்பிள்வுட் என்ற ஊரிலுள்ள கொலம்பியா உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் தொடங்கியது இது. ஜோயல் ஸில்வர் என்ற மாணவர் பள்ளியின் மாணவர் மன்றத்தில் இதைப் பிரேரேபித்தார். பிற்காலத்தில் ஹாலிவுட்டில் பிரபல படத் தயாரிப்பாளராக விளங்கியவர் அவரேதான். தோழர்களோடு சேர்ந்து அவர் விதிகளை எழுதினார். மோட்டார் வண்டிகள் நிறுத்தும் இடமே அவர்களுக்கு மைதானமாயிற்று. 1970-இல் அண்டையிலுள்ள மில்பர்ன் பள்ளியோடு முதல் பந்தயம் நடந்தபோது, கொலம்பியா மாணவர்கள் 43-க்கு 10 என்ற கணக்கில் வென்றார்கள். 1972-இல் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் சர்வகலாசாலைகள் மோதின. 2001 முதல் உலக விளையாட்டு விழாவில் பதக்க ஆட்டங்களில் ஒன்றாக இது இடம் பெற்றது. 2015-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இதன் உலக ஸ்தாபனத்துக்குப் பூரண அங்கீகாரம் அளித்தது.

இத்தனை பெருமை வந்த பிறகும் அடிப்படை விதி மாறவில்லை. ஆடுகிறவர்களே நடுவர்கள். தவறு நேர்ந்ததாக ஒருவர் கூறினால், எதிரி அதை ஒப்புக்கொள்ளலாம், அல்லது மறுக்கலாம். இருவரும் பேசியும் இணக்கம் ஏற்படாவிட்டால், தட்டு எறிந்தவரிடமே திரும்பிச் செல்லும். அங்கிருந்து மீண்டும் ஆட்டம். பந்தயம் முடிந்ததும் ஒவ்வொரு கட்சியும் எதிர்க் கட்சிக்கு மார்க்குப் போடுகிறது. விதிகளை அறிந்து அநுசரித்தல், மேலே விழாமல் ஆடுதல், நியாய புத்தி, மலர்ந்த முகமும் அடக்கமும், பேச்சில் மரியாதை என்று ஐந்து தலைப்புக்கள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் நான்கு வரை. தோற்றவர்கள் இதில் முதற் பரிசு பெறுவதுண்டு.

அந்நியச் சரக்கா?

"சடுகுடு இல்லையா, கிளித்தட்டு இல்லையா? இந்த அமெரிக்கத் தட்டு நமக்கு எதற்கு?" என்று தேசாபிமானம் மிக்க நேயர் ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நம் தெருவில் கிட்டிப்புள்ளும் கிளித்தட்டும் ஆடியபோது நடுவர் யார்? மூச்சு விட்டானா, கோட்டை மிதித்தானா என்பதை ஆடினவர்களேதானே வாதாடித் தீர்த்துக்கொண்டார்கள்? தட்டு வேண்டுமானால் அயல்நாட்டுச் சரக்காக இருக்கட்டும். தீர்ப்பு முறை நம் தெருவில் வெகு காலமாக வழங்கி வந்ததுதான். மேலும், 1909-இல் காந்தியடிகள் 'ஹிந்த் ஸ்வராஜ்' நூலில் வற்புறுத்தியதும், ஒவ்வொருவரும் தம்மைத் தாமே ஆளக் கற்பதே உண்மையான சுயராஜ்யம் என்பதுதான். அதற்கு இதைவிட மலிவான பாடசாலை இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு தட்டு போதும். மட்டை வேண்டாம், கால்கவசம் வேண்டாம், வலை வேண்டாம்.

சென்னையில் இவ்வாட்டம் நன்றாக வேரூன்றியிருக்கிறது. சென்னைக் கோஷ்டி ஒன்றைப் பற்றி '175 கிராம்ஸ்' என்ற குறும்படம் எடுக்கப்பட்டு, 2015-இல் அமெரிக்காவின் ஸண்டான்ஸ் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. வசதியுள்ளவரும் இல்லாதவரும், ஆணும் பெண்ணும் ஒரே கட்சியில் சேர்ந்து ஆடுவதே அப்படத்தின் விஷயம்.

எங்கே சறுக்குகிறது?

அன்று காலை நாம் கண்ட இன்னொரு காட்சியையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அரை மணி கழித்து மறுபடி ஒரு வழக்கு எழுந்தது. ஒரு பக்கம் குப்பத்துச் சிறுவன். மறு பக்கம் ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் பையன். பின்னவன் விதியின் வாசகத்தை ஆங்கிலத்திலேயே கடகடவென்று ஒப்பித்தான். முன்னவன் வாயைத் திறந்தான்; மூடினான். "சரி, விடு" என்று தட்டைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். தன் கை படவில்லையென்பது அவனுக்குத் தெரியும். அதை வழக்காடச் சொல்தான் அவனிடம் இல்லை.

நடுவர் இல்லாத ஆட்டத்தில் உள்ள ஆபத்து இதுதான். நடுவர் இருந்தால் ஊமைக்கும் நியாயம் கிடைக்கும். பேசித் தீர்த்துக்கொள்ளும் ஆட்டத்திலோ, பேச வல்லவன் பக்கம் நியாயம் சாய்ந்துவிடும். எல்லோரும் சமம் என்று சொல்லி மைதானத்தில் இறக்கிவிட்டு, வழக்கை மாத்திரம் ஒருவன் மொழியில் நடத்தினால் அது சமத்துவம் ஆகுமா?

நல்ல வேளையாக, கோஷ்டியைப் பழக்கும் இளைஞர் அருகே வந்தார். அவரும் அதே குப்பத்தில் பிறந்து, அதே மணலில் தட்டு எறிந்து பழகியவர் என்று பின்னால் அறிந்தோம். அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. விதியைத் தமிழில் ஒரு முறை எடுத்துரைத்தார். பிறகு சிறுவனைப் பார்த்து, "நீ என்ன பார்த்தே? அதை மட்டும் சொல்லுடா தம்பி" என்றார். சிறுவன் சொன்னான். கேட்ட பையன் முகம் சிவந்தது; "அப்படின்னா உன் பக்கம்தான் சரி" என்றான்.

ஆகவே, ஊர்தோறும் பள்ளிதோறும் பிள்ளைகளுக்கு இவ்வாட்டத்தைப் பழக்க விரும்பும் அன்பர்கள் முதலில் தேடவேண்டியது மைதானமும் பணமும் அல்ல. விதிகளைப் பிள்ளைகளின் வாய்மொழியில் சொல்லிக் கொடுங்கள். எறியப் பழக்கும் நேரத்தில் கால்வாசியாவது பேசப் பழக்குங்கள். "நான் இன்னது கண்டேன், நீ என்ன கண்டாய்?" என்று குரலை உயர்த்தாமல் கேட்கும் வித்தை தானாக வந்துவிடாது.

இரண்டாவது, பழக்குகிறவர் அப்பிள்ளைகளிடமிருந்தே தோன்றவேண்டும். வெளியூர் நிபுணர் ஒரு மாதம் வந்து கற்பித்துவிட்டுப் போனால், அவரோடு ஆட்டமும் போய்விடும். பதினாறு வயதுப் பிள்ளையிடம் பத்து வயதுப் பிள்ளைகளை ஒப்படையுங்கள். அவன் கூடவே வளர்வான். மூன்றாவது, நாளும் நேரமும் மாறவே கூடாது. இரண்டு குழந்தைகள் மட்டும் வந்தாலும் அந்த இருவருக்காகத் தட்டு பறக்கவேண்டும். நான்காவது, பந்தய வெறி உதவாது. கோப்பைக்காகத் தேறியவர்களைப் பொறுக்கி எடுத்து மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பினால், நாம் வளர்ப்பது கோஷ்டியே ஒழியப் பிள்ளைகள் அல்ல.

பெண் குழந்தைகள்

ஆணும் பெண்ணும் கலந்து ஆடுவது இவ்வாட்டத்தின் சிறப்பு. அதுவே நம் இல்லங்களில் தடையாகவும் இருக்கிறது. பத்து வயது வரை துள்ளித் திரியும் பெண், பன்னிரண்டு பதின்மூன்றில் மைதானத்திலிருந்து மறைந்துவிடுகிறாள். "வெயிலில் கறுத்துப்போவாள்," "நாலு பேர் என்ன சொல்லுவார்கள்" என்பவை வழக்கமான காரணங்கள். பழக்குகிறவர் அவ்வீட்டு வாசலுக்குப் போய்த் தாயிடம் பேசவேண்டும். ஒரு நாள் மைதானத்துக்கு அழைத்து வந்து உட்கார வைக்கவேண்டும்.

அன்று "ஃபவுல்" என்று கூவிய பெண்ணின் தாயார் மணலில் அமர்ந்திருந்தார். மீன் விற்கப் போகும் வழியில் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தவர். "பொம்பளைப் பிள்ளை இப்படிக் கத்தலாமான்னு முதல்ல நானே அடிச்சிருக்கேன்" என்றார். "இப்போ என்னம்மா நினைக்கிறீங்க?" என்று வினவினோம். "தப்புன்னா தப்புன்னு சொல்லத் தெரியணும் இல்லீங்களா? நாளைக்கு இவ போற இடத்திலே நானா கூட நிப்பேன்?" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டார்.

வெயில் ஏறிவிட்டது. இரு கட்சியாரும் தோளில் கை போட்டு வட்டமாக நின்று, ஒருவர் ஆட்டத்தை ஒருவர் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லைக்கோடாக இருந்த செருப்புக்கள் கால்களுக்குத் திரும்பின. தம்மைப் பற்றித் தாமே உண்மை சொல்லப் பழகிய பத்துக் குழந்தைகள் வீட்டுக்குக் கலைந்து சென்றார்கள். நேயர்களும் ஒரு ஞாயிறு காலை தங்கள் பிள்ளைகளைக் கையில் ஒரு தட்டுடன் வெளியே அனுப்பிப் பார்க்கட்டும். ஆனால் ஒன்று: வீடு திரும்பிய பிறகு உங்கள் தீர்ப்புக்களையும் அவர்கள் நியாயமாக விசாரிக்கத் தொடங்கினால், நம்மைக் கோபிக்கக்கூடாது!