மேட்லேப்பில் ஆடிய கை, சி மொழியில் ஏன் முட்டியது?



நம் போடிநாயக்கனூரில் ஏலக்காய் வாசனை படாத தெரு உண்டா? காலையில் போடிமெட்டுப் பக்கம் ஜீப்புகள் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலை ஏறும். மலையில் பறித்து, ஸ்டோரில் உலர்த்திய காய் மூட்டையாகக் கீழே இறங்கும். குடோன்களில் அதைச் சல்லடையில் சலித்து 8 மில்லிமீட்டர் காய், 7 மில்லிமீட்டர் காய் என்று பிரிப்பார்கள். பிறகு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நிறம் மங்கிய காய், வெடித்த காய், பூச்சி அரித்த காய் எல்லாவற்றையும் கையால் பொறுக்கித் தள்ளுவார்கள். என் அம்மாவும் அந்த வரிசையில் ஒருவர்.

இறுதி ஆண்டு புராஜெக்டுக்கு என்ன செய்யலாம் என்று நாங்கள் நான்கு பேர் யோசித்தபோது இதுதான் கண்ணில் பட்டது. தட்டில் பரப்பிய காய்களை ஒரு கேமரா பார்க்க வேண்டும். பழுப்புக் காய் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு மூட்டு உள்ள ஒரு சின்ன ரோபோ கை அதை எடுத்துப் போட வேண்டும். கணக்கை எல்லாம் மேட்லேப்பில் எழுதினோம். திரையில் படக் கை அழகாக ஆடியது. "முடிஞ்சிருச்சுடா!" என்று கைதட்டினோம். அதே கணக்கை சி மொழியில் மாற்றி போர்டில் ஏற்றினோம். கை காய்க்கு 7 சென்டிமீட்டர் முன்னாலேயே நின்று தட்டின் விளிம்பில் முட்டியது. ஏன் முட்டியது என்பதைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

மேட்லேப் எதற்காகப் பிறந்தது?

1970-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் கிளீவ் மோலர் என்ற கணிதப் பேராசிரியர் இருந்தார். லின்பேக், ஐஸ்பேக் என்ற அணிக் கணக்குத் தொகுப்புகளை, ஃபோர்ட்ரான் புரோகிராம் எழுதாமலேயே தம் மாணவர்கள் பயன்படுத்த வேண்டும் என்று நினைத்தார். அதற்காக அவர் எழுதியதே முதல் மேட்லேப். 1984-ல் ஜாக் லிட்டில் என்பவரோடு சேர்ந்து மேத்வொர்க்ஸ் நிறுவனம் தொடங்கியபோது அது சி மொழியில் திருத்தி எழுதப்பட்டது.

ஆக, கம்பைலர் தொல்லையிலிருந்து மாணவனைக் காப்பாற்றப் பிறந்ததுதான் மேட்லேப். நாமோ அதில் எழுதியதைத் திரும்பவும் கம்பைலருக்குக் கொண்டு போகிறோம். இது என்ன கூத்து என்று கேட்கிறீர்களா? காரணம் இருக்கிறது.

ஆர்டுவினோ யுனோ போர்டை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதன் தற்காலிக நினைவகம் 2 கிலோபைட். புரோகிராம் வைக்க 32 கிலோபைட். 320-க்கு 240 புள்ளிகள் கொண்ட ஒரே ஒரு வண்ணப் படத்துக்கே 2,30,400 பைட் வேண்டும். இந்தக் குட்டிப் போர்டில் மேட்லேப் எப்படி உட்காரும்? எனவே படத்தைப் பார்க்க ஒரு ராஸ்பெர்ரி பை, மூட்டு மோட்டார்களை ஓட்ட ஓர் ஆர்டுவினோ என்று வைத்துக்கொண்டோம். இரண்டிலும் சி மொழிதான். குடோனில் ஓட வேண்டிய இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு லேப்டாப்பும் லைசென்சும் கட்டி வைக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்!

மீட்டர் கேஜும் பிராட் கேஜும்

மதுரை - போடி மீட்டர் கேஜ் ரயில் 2010-ஆம் ஆண்டு இறுதியோடு நின்றது. பிராட் கேஜ் ரயில் போடிக்கு வந்து சேர்ந்தது 2023 ஜூனில். ஊர் அதே ஊர்தான், பாதையும் ஏறக்குறைய அதே பாதைதான். ஆனாலும் பழைய பெட்டியைத் தூக்கிப் புதிய தண்டவாளத்தில் வைக்க முடிந்ததா? தண்டவாளம், பாலம், பிளாட்பாரம் ஒவ்வொன்றையும் புதிய அளவுக்கு மாற்ற வேண்டியிருந்தது. மொழி மாற்றமும் அப்படித்தான். போய்ச் சேரும் விடை மாறாது. அடியில் இருக்கும் அளவுகள் மாறிவிடும். முதல் வருடம் படித்த சி புத்தகத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் தடுக்கி விழுந்த இடங்களை வரிசையாகச் சொல்கிறேன்.

1. எண்ணிக்கை தொடங்கும் இடம்

மேட்லேப்பில் வரிசையின் முதல் உறுப்பு 1. சி மொழியில் அது 0. கோணங்களின் வரிசையில் 1, 2 என்று இருந்ததை அப்படியே எழுதினால், முதல் மூட்டுக்கு இரண்டாம் மூட்டின் கோணம் போகும். இரண்டாம் மூட்டுக்கு நினைவகத்தில் பக்கத்தில் கிடக்கும் ஏதோ ஒரு குப்பை போகும். மேட்லேப் என்றால் "அப்படி ஓர் உறுப்பு இல்லை" என்று பிழை காட்டி நிறுத்தும். சி மொழி வாயே திறக்காது!

2. வகுத்தல்

எங்கள் கை முட்டியது இங்கேதான். மேல்கை 20 சென்டிமீட்டர், முன்கை 15. காய் இருக்கும் இடம் குறுக்கே 25, நெடுக்கே 20. முழங்கைக் கோணம் காண, 25-ன் வர்க்கத்தையும் 20-ன் வர்க்கத்தையும் கூட்டினால் 1025. அதில் இரண்டு கைகளின் வர்க்கங்களின் கூடுதலான 625-ஐக் கழித்தால் 400. இதை இரு கைகளின் பெருக்கலின் இருமடங்கான 600-ஆல் வகுத்தால் 0.667. இது கோணத்தின் கொசைன். கோணம் சுமார் 48 டிகிரி.

மேட்லேப்பில் எண் என்றாலே புள்ளி எண்தான். சி மொழியில் நாங்கள் எல்லாவற்றையும் முழு எண்ணாக அறிவித்திருந்தோம். முழு எண் கணக்கில் 400-ஐ 600-ஆல் வகுத்தால் விடை 0. கொசைன் 0 என்றால் கோணம் 90 டிகிரி. முழங்கை 90-ல் மடங்கினால் கை எட்டும் தூரம் 25 சென்டிமீட்டர். காயோ 32 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. அந்த 7 சென்டிமீட்டர் எங்கே போனது என்று தெரிந்துவிட்டதா?

இதையே மில்லிமீட்டரில் போட்டிருந்தால் இன்னும் மோசம். யுனோவில் சாதாரண முழு எண்ணின் உச்சம் 32,767. 250-ன் வர்க்கமோ 62,500. உச்சத்தைத் தாண்டிய எண் பெரும்பாலும் எதிர்க்குறி எண்ணாகத் திரும்பி வரும்.

3. கழித்தல்

இது எல்லாவற்றிலும் ஆபத்தானது. படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 0 முதல் 255 வரை மதிப்பு. பச்சையிலிருந்து சிவப்பைக் கழித்தால் காய் எவ்வளவு பச்சை என்று ஓர் அளவு கிடைக்கும். ஒரு பழுப்புக் காயில் பச்சை 100, சிவப்பு 120 என்று வைத்துக்கொள்வோம். மேட்லேப்பின் 8 பிட் எண் 0-க்குக் கீழே போகாது. விடை 0, அதாவது பச்சையே இல்லை. சரிதான். சி மொழியில் அந்த விடையைக் குறியில்லாத 8 பிட் பெட்டியில் வைத்தால், கழித்தல் 20 என்பது சுற்றிக்கொண்டு 236 ஆகிவிடும். அதாவது இருப்பதிலேயே மோசமான காய், இருப்பதிலேயே பச்சையான காய் என்று பெயர் வாங்கிவிடும்! மருந்து எளிது. கழித்த விடையைக் குறி உள்ள பெரிய எண்ணில் வைத்து, 0-க்குக் கீழே போனால் 0 ஆக்கிவிட வேண்டும்.

4. எட்டாத காய்

காய் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தால் கொசைன் 1-ஐத் தாண்டும். அப்போது மேட்லேப் ஒரு கலப்பெண்ணை விடையாகத் தரும். சி மொழி "இது எண்ணே அல்ல" என்ற குறியைத் தரும். அதை மோட்டாருக்கு அனுப்பினால் மோட்டார் என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே கோணம் காணும் முன்பே எல்லையைச் சோதிக்க வேண்டும்.

5. அணியின் அடுக்கு

மேட்லேப் அணியை நெடுவரிசை நெடுவரிசையாக, அதாவது மேலிருந்து கீழாக அடுக்கும். சி மொழி வரிசை வரிசையாக இடமிருந்து வலமாக அடுக்கும். சுழற்சி அணியை அப்படியே நகலெடுத்தால் அது இடம் மாறிவிடும். இடம் மாறிய சுழற்சி அணி எதிர்ப்பக்கச் சுழற்சியைக் குறிக்கும். வலப்பக்கம் திரும்ப வேண்டிய கை இடப்பக்கம் திரும்பும்!

தானே மாற்றும் கருவி இல்லையா?

இருக்கிறது. 2011-ல் வந்த மேட்லேப் கோடர், மேட்லேப் ஃபங்ஷனை சி மொழிக்கு மாற்றித் தரும். ஆனால் உள்ளே வரும் எண் எந்த வகை, வரிசை எவ்வளவு நீளம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். எல்லா ஃபங்ஷனையும் அது ஏற்காது. மேட்லேப் கம்பைலர் என்று இன்னொன்று உண்டு. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்! அது தரும் புரோகிராம் ஓட, மேட்லேப் ரன்டைம் என்ற பெரிய துணைத் தொகுப்பும் அந்தக் கணிப்பொறியில் இருக்க வேண்டும். ஆர்டுவினோவுக்கு அது உதவாது. லைசென்ஸ் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். இலவசமான ஜி.என்.யூ. ஆக்டேவிலும் மேட்லேப் நிரல்களில் பெரும்பாலானவை ஓடும். கையால் மாற்றிப் பழகுவதற்கு அது போதும். சைலேப்பும் இலவசம்தான்.

சரிபார்க்கும் முறை

கருவி மாற்றினாலும் கை மாற்றினாலும் சோதனை ஒன்றுதான். பழைய நிரலில் ஐம்பது இடங்களைக் கொடுத்து, வரும் விடைகளை ஒரு பட்டியலாக எழுதிக்கொள்ளுங்கள். ஓரத்தில் உள்ள இடம், எட்டாத இடம், நடு மையம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். புதிய நிரலுக்கும் அதே ஐம்பதைக் கொடுத்து ஒப்பிடுங்கள். கடைசி இலக்கங்களில் சிறு வித்தியாசம் வரலாம். யுனோவில் டபுள் என்று எழுதினாலும் அது 4 பைட்தான், சுமார் 7 இலக்கத் துல்லியம்தான் கிடைக்கும். முதல் இலக்கத்திலேயே வித்தியாசம் வந்தால் நிறுத்திவிட்டுத் தேடுங்கள். மோட்டாரை அதன் பிறகே இணைக்க வேண்டும். நாங்கள் மோட்டாரை முதலில் இணைத்தோம், பட்டியலைப் பிறகு போட்டோம். ஒரு சர்வோவின் பல்சக்கரம் உடைந்தது.

இது மாணவர்களின் அவசரம் என்று சிரிக்காதீர்கள். 1996 ஜூன் 4-ஆம் தேதி ஐரோப்பாவின் அரியேன் 5 ராக்கெட், கிளம்பிய 40 வினாடிக்குள் சிதறியது. அரியேன் 4-ல் ஒழுங்காக ஓடிய நிரலை அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். புதிய ராக்கெட்டின் வேகத்தில், 64 பிட் புள்ளி எண் ஒன்று 16 பிட் முழு எண் பெட்டியில் அடங்கவில்லை. எங்கள் 62,500-ம் அதே ஜாதிதான்!

அம்மா கேட்ட கேள்வி

ஒரு நாள் இரவு தட்டில் காய் பரப்பிச் சோதித்துக்கொண்டிருந்தேன். அம்மா பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏண்டா தம்பி, இந்த மிஷினு வந்துட்டா எங்களையெல்லாம் வீட்டுக்குப் போகச் சொல்லிருவாகளா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. நிறம் பிரிக்கும் இயந்திரங்கள் சந்தைக்கு வந்து பல வருடங்களாகிவிட்டன. எங்கள் புராஜெக்டால் அவை வரப்போவதுமில்லை, நிற்கப்போவதுமில்லை. அம்மா தட்டிலிருந்து ஒரு காயை எடுத்தார். "இது பச்சைதான். ஆனா உள்ள அரிசி இல்ல, வெறும் தோலு. ஒன் கேமராவுக்குத் தெரியுமா?" என்றார். தெரியாது. அன்றிலிருந்து எங்கள் சோதனைப் பட்டியலை அம்மாதான் போட்டார். அவர் பிரித்துக் கொடுத்த காய்களை வைத்துத்தான் 236 என்ற பிழையையே கண்டுபிடித்தோம். எட்டு பழுப்புக் காய்களை இயந்திரம் முதல் தரம் என்றது. ஏலத்துக்குப் போகும் மூட்டையில் அப்படிப் பழுப்புக் காய் கலந்தால் விலை குறையும். குறைந்த விலைக்குத் திட்டு வாங்குவது கம்பைலர் அல்ல, பொறுக்கிய பெண்கள்தான்.

அம்மாவின் கேள்விக்கு என்னிடம் இன்னும் முழுப் பதில் இல்லை. ஆனால் இயந்திரம் வந்தால், அதைத் திறந்து பார்த்து, எந்த வரியில் தப்பு என்று சொல்லக்கூடியவர்கள் இந்த ஊரிலேயே இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எனவே நண்பர்களே, புராஜெக்டைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். நீங்களே எழுதுங்கள், நீங்களே மாற்றுங்கள். ஐம்பது விடைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மோட்டார் ஒயரை அப்புறம் சொருகிக்கலாம்!