ஆலை நகரில் தபசு காலம்

முந்தின ஆண்டுக் குருத்தோலைகளைச் சுட்டெடுத்த சாம்பலை விபூதிப் புதனன்று நெற்றியில் தரித்துக் கத்தோலிக்கர் பிரவேசிக்கும் நாற்பது நாள் தபசு காலம் (ஞாயிறுகள் அக்கணக்கில் சேரா), சிப்காட் ஆலைகளின் ஷிப்டுக்கேற்ப உறங்கி விழிக்கும் மூக்கண்டப்பள்ளியில், எலத்தகிரி போன்ற பழைய கிறிஸ்தவக் கிராமங்களிற்போல் அத்தனை சுலபமாக அனுஷ்டிக்கத்தக்கதன்று. 1997-இல் சேலத்தினின்று பிரிந்த தருமபுரி மறைமாவட்டத்தைச் சேர்ந்த இவ்வட்டாரத்தில், தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்தொலிக்கும் தெருக்களில், பிழைப்பு நாடி வந்தோரே மிகுதி. இரவு வேலை முடிந்து திரும்புகிறவன் வெள்ளிக்கிழமைச் சிலுவைப் பாதை வழிபாட்டின் 14 ஸ்தலங்களையும் முழந்தாளிட்டுக் கடப்பதென்பது சாமானியமான காரியமா?

திருச்சபையும் இதை அறியாததன்று. 1966-இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் ஒருசந்தி விதிகளைத் தளர்த்தியபின், ஒருவேளை மட்டுமே நிறைவுணவு கொள்ளும் கடமை விபூதிப் புதனுக்கும் பெரிய வெள்ளிக்குமே எஞ்சியது; இன்று அது 18 வயது முதல் 59 வரை உள்ளோர்க்குரியது. தபசு கால வெள்ளிகளில் மாமிசம் விலக்கும் சுத்தபோசனம் மட்டும் நிலைபெற்றது. வயிற்றைச் சுருக்குவது எளிது; மிச்சப்பட்ட காசை ஏழைக்கு ஈவதும், நெடுநாட் பகையை மறந்து, குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்குச் செல்வதுமே கடினம் என்பது என் அபிப்பிராயம்.

கேன்டீனில் உடனமர்ந்தவர் இவ்வெள்ளிகளில் கோழித்துண்டை ஒதுக்கிவைத்தால், தயவுசெய்து வற்புறுத்தாதீர்கள்.