மேப்பிள் பாகு: ஐந்து வாரச் சரக்கு, ஆண்டு முழுவதும் வியாபாரம்

வெல்லம், கருப்பட்டி, தேன் வைத்து வியாபாரம் செய்யும் நம் உறுப்பினர்களுக்கு மேப்பிள் பாகு என்ற பெயர் இன்று புதிதல்ல. பெரிய கடைகளில் சிறு கண்ணாடிப் பாட்டிலில், கையை வைக்கத் தயங்கும் விலையில் இருக்கும். ஏன் இந்த விலை என்று வாடிக்கையாளர் கேட்டால், வெளிநாட்டுச் சரக்கு என்று சொல்லி முடித்து விடுகிறோம். அது முழுப் பதில் ஆகாது. அந்தப் பாட்டிலுக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் வருடக் கணக்கே இருக்கிறது.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர், மெய்ன் என்று மூன்று மாநிலங்கள் உள்ளன. அங்கே சொந்தத் தோப்பு வைத்துள்ள சிறு குடும்பங்கள் பலவற்றுக்கு ஆண்டில் இரண்டு பருவம். மார்ச் மாதத்தில் மேப்பிள் பாகு. நவம்பரில் கிறிஸ்துமஸுக்கான பசுந்தழை வளையம். முதல் சரக்கு மூடி திறக்காத வரை ஆண்டுக்கணக்கில் கெடாது. இரண்டாவது சரக்கு டிசம்பர் 25 தாண்டினால் குப்பை. இந்த இரண்டையும் ஒரே குடும்பம் ஏன் சேர்த்துச் செய்கிறது என்பதுதான் வியாபாரிகள் கவனிக்க வேண்டிய விஷயம்.

முதலில் பாகு. சர்க்கரை மேப்பிள் என்ற மரத்தில் துளையிட்டு வடியும் நீரைக் காய்ச்சுவது இது. பனைக்குப் பாளை சீவுகிறோம். இங்கே அடிமரத்தில் சுமார் ஒன்றரை அங்குல ஆழத்துக்குச் சிறு துளை போட்டு ஒரு குழாய் மூக்கைச் செருகுகிறார்கள். மரம் 10 அங்குலக் குறுக்களவாவது இருக்க வேண்டும். அந்தப் பருமனுக்கு வர 40 ஆண்டுகள் ஆகும். ஆகவே இன்று நடுகிறவர் பேரனுக்கு நடுகிறார். ஒவ்வோர் ஆண்டும் பழைய காயத்தை விட்டுத் தள்ளிப் புதுத் துளை போட வேண்டும். பேராசைப்பட்டு ஒரே மரத்தில் நாலைந்து துளை போடுகிறவரின் தோப்பு நிலைக்காது.

நீர் வடிவதற்கு ஒரு கடுமையான நிபந்தனை உண்டு. இரவில் பனி உறைய வேண்டும். மறுநாள் பகலில் அது இளக வேண்டும். இரண்டும் மாறி மாறி நடந்தால்தான் மரத்துக்குள் அழுத்தம் ஏறி நீர் வெளியே வரும். இரவு உறையாவிட்டால் வரத்து நின்று விடும். பகல் இளகாவிட்டாலும் நின்று விடும். பிப்ரவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை நாலு முதல் ஆறு வாரம் இப்படிப் போகும். மொட்டு விரியத் தொடங்கியதும் பாகில் ஒரு வேண்டாத வாடை ஏறும். அன்றோடு பருவம் முடிந்தது. 2012 மார்ச்சில் அந்தப் பகுதியில் கோடை போல வெயில் அடித்தது. பல குடும்பங்களுக்குப் பருவம் பாதியில் முடிந்து போனது. விறகு வாங்கியாயிற்று, பாட்டில் வாங்கியாயிற்று, சரக்கு இல்லை. அதற்கு யாரிடம் போய்க் கேட்பது?

வடியும் நீரில் இனிப்பு 2 விழுக்காடு அளவே இருக்கும். வாயில் வைத்தால் தண்ணீர்தான். சுமார் 40 லிட்டர் நீரைச் சுண்டக் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு கிடைக்கும். சேர்ந்த நீரை வைத்திருக்கவும் முடியாது; ஒரு நாளைக்குள் அடுப்பில் ஏற்ற வேண்டும். நல்ல வரத்து உள்ள நாளில் வீட்டில் உள்ள அத்தனை பேரும் நடுநிசி தாண்டியும் காய்ச்சு கொட்டகையில்தான் இருப்பார்கள். நுரை பொங்கினால் ஒரு துளி வெண்ணெய் போடுவது பழைய வழக்கம். இப்போது பலர் சவ்வு வடிகட்டி வைத்து, பாதிக்கு மேற்பட்ட தண்ணீரைக் காய்ச்சும் முன்பே பிரித்து விடுகிறார்கள். நம் வீட்டுக் குடிநீர் இயந்திரத்தில் உள்ள அதே தத்துவம்தான்.

பதம் பார்ப்பதில் இவர்கள் மிகவும் கறார். பாகின் எடையில் ஏறத்தாழ 67 விழுக்காடு சர்க்கரை இருக்க வேண்டும். பாலுக்கு லாக்டோமீட்டர் போடுவது போல இதற்கும் ஒரு மிதவைக் கருவி உண்டு. பதம் குறைந்தால் பாகு புளிக்கும். கூடினால் பாட்டில் அடியில் கற்கண்டு கட்டும். நான் ஒரு முறை மலிவாகக் கிடைத்ததே என்று பதம் குறைந்த கருப்பட்டியை வாங்கிக் கிடங்கில் அடுக்கினேன். ஐப்பசி மழையில் அது கசிந்து ஓலைப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டது. பெட்டியை எடுத்தால் கருப்பட்டி வரவில்லை, கருப்பட்டியை எடுத்தால் பெட்டி வரவில்லை. மிதவைக் கருவியின் அருமை அன்று தெரிந்தது.

பருவத் தொடக்கத்தில் வரும் பாகு பொன்னிறம். கடைசியில் வருவது கருநிறம், சுவையும் அழுத்தம். முன்பு கருநிறப் பாகுக்கு 'பி' தரம் என்று பெயர் வைத்திருந்தார்கள். பெயரைப் பார்த்தே மட்டச் சரக்கு என்று வாங்குபவர் ஒதுங்கினார். சமையலுக்கு அதுதான் சிறந்தது என்று தெரிந்தவர் தேடி வாங்கினார். வெர்மான்ட் 2014லும், மத்திய அரசு 2015லும் இதை மாற்றி, சில்லறைக்கு வரும் எல்லாவற்றையும் 'ஏ' தரம் ஆக்கி, பொன்னிறம், செம்பொன், கருநிறம், மிகக் கருநிறம் என்று நிறத்தாலும் சுவையாலும் பிரித்து விட்டன. சரக்கு அதேதான், சீட்டு மாறியது. இது நல்ல காரியம் என்பது என் கருத்து.

இப்போது வரவு செலவுக்கு வருவோம். வாளி கட்டி இறக்கும் பழைய முறையில் ஒரு துளைக்கு ஒரு பருவத்தில் கால் காலன் பாகு கிடைக்கும். ஒரு காலன் என்பது 3.78 லிட்டர், பாகாக எடுத்தால் 11 பவுண்டு, அதாவது 5 கிலோ. ஆயிரம் துளை உள்ள குடும்பத்துக்கு 250 காலன். அண்மை ஆண்டுகளில் சில்லறையில் ஒரு காலன் 50 டாலருக்கு முன்பின் விற்கிறது. முழுவதையும் தாங்களே சில்லறையில் விற்றால் 12,500 டாலர். பீப்பாயாக மொத்த வியாபாரியிடம் தள்ளினால் பவுண்டுக்கு 2 டாலருக்குச் சற்று மேல். மொத்தம் 6,000 டாலரைச் சுற்றி வரும். இதில் விறகு போக வேண்டும். 25 காலன் காய்ச்ச 4 அடி உயரம், 4 அடி அகலம், 8 அடி நீளத்துக்கு அடுக்கிய விறகு வேண்டும். முந்தைய ஆண்டே வெட்டிக் காய வைத்திருக்க வேண்டும். பாட்டில், சீட்டு, குழாய் எல்லாம் தனி. வெற்றிடக் குழாய் போட்டவர்கள் துளைக்கு அரைக் காலன் வரை எடுக்கிறார்கள். ஆனால் இயந்திரக் கடனும் சேர்ந்து வருகிறது.

மொத்த வியாபாரியான நானே சொல்கிறேன்: இந்தக் குடும்பங்கள் பீப்பாயைத் தள்ளாமல் பாட்டிலில் அடைத்துத் தாங்களே விற்பதுதான் சரி. பீப்பாய் விலை அவர்கள் கையில் இல்லை. உலக உற்பத்தியில் 70 விழுக்காட்டுக்கு மேல் கனடாவின் கியூபெக் மாநிலத்திலிருந்து வருகிறது. அங்கே உற்பத்தியாளர் கூட்டமைப்பு 2004 முதல் பண்ணைக்கு இவ்வளவு என்று பங்கு வகுத்து, மிகுதியைக் கிடங்கில் இருப்பு வைத்து விலையைத் தாங்குகிறது. 2021இல் விளைச்சல் குறைந்தபோது சுமார் 5 கோடி பவுண்டை இருப்பிலிருந்து இறக்கினார்கள். 2012இல் இந்த இருப்பில் திருட்டு வெளிப்பட்டது. பல மாதமாகப் பாகை எடுத்துக்கொண்டு பீப்பாயில் தண்ணீரை நிரப்பி வைத்திருந்தார்கள். சுமார் 3,000 டன், மதிப்பு 1 கோடியே 80 லட்சம் கனடா டாலர். கிடங்கு இருப்பை எண்ணிக்கை மட்டும் பார்த்துத் திருப்தி அடைகிறவர்கள் இதைக் குறித்துக் கொள்ளலாம். பீப்பாய் எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது!

சில்லறையில் விற்க வாடிக்கையாளர் வேண்டுமே? மார்ச் கடைசியில் கொட்டகையைத் திறந்து விட்டு ஊரை அழைக்கிறார்கள். மெய்ன் மாநிலத்தில் மார்ச்சின் நான்காவது ஞாயிறு இதற்கென்றே 1983 முதல் நடக்கிறது. சூடான பாகைப் பனியின் மேல் ஊற்றினால் இழுவை மிட்டாய் ஆகும். திகட்டாமல் இருக்க ஊறுகாய்த் துண்டும் தருவார்கள். குழந்தை மிட்டாய் தின்னும் நேரத்தில் தகப்பனார் பாட்டில் வாங்கி விடுகிறார். அக்டோபரில் இலை சிவக்கும் காட்சி காண வரும் பயணிகளிடமும் நல்ல விற்பனை. ஆனால் அதற்குள் கைப்பணம் கரைந்திருக்கும். அடுத்த பாகுக்கு ஐந்து மாதம் இருக்கிறது. அந்த இடைவெளியில்தான் வளையம் வருகிறது.

நம் ஊரில் வளையம் என்றால் துக்க வீடுதான் நினைவுக்கு வரும். அங்கே அது மாவிலைத் தோரணம் போல. வாசல் கதவில் மாட்டுவது. பால்சம் ஃபர் என்ற ஊசியிலை மரத்தின் நுனிக் கொம்புகளைக் கம்பி வளையத்தில் கொத்துக் கொத்தாக வைத்துச் சுற்றிக் கட்டுகிறார்கள். நுனி ஒடிக்கும் நாளையும் பனிதான் குறிக்கிறது. இரண்டு மூன்று கடும் பனி இரவுகள் போன பிறகே ஊசியிலை கொம்போடு நிற்கும். முந்தி ஒடித்தால் வீட்டுச் சூட்டில் உதிர்ந்து விடும். ஆகவே அக்டோபர் கடைசியில்தான் தொடக்கம். கத்தி வேண்டாம், கட்டைவிரலால் ஒடிக்கலாம். மரம் மீண்டும் தழைக்கும். ஒடிக்க ஆள், சுமக்க ஆள், கட்டுவதற்குக் கைப்பழக்கம் உள்ள பெண்கள் என்று ஆறு வாரம் ஊரே வேலை பார்க்கும்.

இதில் முதல் குறைவு, அபாயம் அதிகம். பொங்கலுக்கு மறுநாள் சந்தையில் கிடக்கும் கரும்பைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம். எனவே கெட்டிக்காரக் குடும்பங்கள் ஆர்டர் இல்லாமல் அதிகம் கட்டுவதில்லை. தேவாலயம், பள்ளி, சாரணர் குழுக்கள் நிதி திரட்ட வளையம் விற்பதுண்டு. அவர்களிடம் இலையுதிர் காலத்திலேயே எண்ணிக்கை வாங்கி விடுகிறார்கள். பெரிய நிறுவனமும் தப்புவதில்லை. மெய்ன் மாநில வளைய வியாபாரி மோரில் வொர்சஸ்டருக்கு 1992இல் பருவக் கடைசியில் வளையங்கள் மிகுந்து போயின. அவர் 5,000 வளையங்களை ஆர்லிங்டன் ராணுவக் கல்லறைத் தோட்டத்துக்கு அனுப்பி வைத்தார். அது பின்னர் நாடு முழுவதும் நடக்கும் ஆண்டு நிகழ்ச்சியாகி விட்டது.

தபாலில் அனுப்பும் வளையப் பெட்டிக்குள் ஒரு சிறு பாட்டில் பாகையும் வைத்து விற்பது இவர்களுடைய நல்ல யுக்தி. அழியும் சரக்கின் அவசரத்தில் அழியாத சரக்கும் விலை போகிறது. பெட்டி வந்த முகவரி அடுத்த ஆண்டுக்கும் கையில் இருக்கிறது.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் ஓய்வு என்று நினைக்க வேண்டாம். ஜனவரியில் பனிக்காலணி கட்டிக்கொண்டு தோப்புக்குள் போகிறார்கள். அணில் கடித்த குழாய்களை மாற்றி, முறிந்து விழுந்த கிளைகளை அகற்றி, பிப்ரவரிக்குள் துளை போடத் தயாராக வேண்டும்.