உயரமான குடும்ப கார்கள்: கவிழாமல் காப்பது எது?

வில்லியனூர், பாகூர் பக்கத்து ஊர்களில் குடும்பத்தோடு வெளியூர் போவதென்றால் இன்று பெரும்பாலும் உயரமான ஏழு சீட் வண்டிதான். நிக்காஹ், ஜனாஸா, வளைகுடாவுக்கோ உம்ராவுக்கோ புறப்படுபவரைச் சென்னை விமான நிலையத்தில் வழியனுப்புவது என எல்லாவற்றுக்கும் இன்னோவா, எர்டிகா, டவேரா, ஸ்கார்பியோ போன்ற வண்டிகளே வந்து நிற்கின்றன. ஏழு பேர் சீட்டில் பத்துப் பேர் உட்கார, மேலே கேரியரில் பெட்டிகளும் ஏறிவிடும். வண்டி பெரியதாக இருப்பதால் பாதுகாப்பும் பெரியது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் உயரமான வண்டிக்கு, தாழ்வான காருக்கு அவ்வளவாக இல்லாத ஒரு ஆபத்து உண்டு. அது கவிழ்வது.

ஏன் கவிழ்கிறது?

இதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. இடது, வலது சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலத்தில் பாதியை எடுத்து, வண்டியின் எடை மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதனால் வகுக்க வேண்டும். அகலம் 1,500 மில்லிமீட்டர், எடை மையம் 550 மில்லிமீட்டர் உயரம் என்றால் விடை 1.36. அதே அகலத்தில் எடை மையம் 700 மில்லிமீட்டருக்கு ஏறினால் விடை 1.07 ஆகக் குறைகிறது. எண் குறையக் குறைய கவிழ்வது எளிது. அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு இந்தக் கணக்கைக் கொண்டுதான் வண்டிகளை மதிப்பிடுகிறது. சாதாரண கார்கள் 1.3 முதல் 1.5 வரையிலும், உயரமான வண்டிகளும் வேன்களும் 1.0 முதல் 1.3 வரையிலும் வருவதாக அது கூறுகிறது.

நல்ல தார் ரோட்டில் டயர் முதலில் வழுக்கும். வண்டி உடனே கவிழ்ந்துவிடாது. வழுக்கும் சக்கரம் எதிலாவது சிக்கும்போதுதான் பெரும்பாலான வண்டிகள் கவிழ்கின்றன. நம் கிராமச் சாலைகளை நினைத்துப் பாருங்கள். தார் முடியும் இடத்தில் ஒரு பள்ளம், அடுத்து இளகிய மண், அதற்கடுத்து வாய்க்கால் அல்லது வயல். எதிரே கரும்பு டிராக்டர் வந்தால் ஒரு பக்கச் சக்கரம் மண்ணில் இறங்கும். பயந்துபோன ஓட்டுநர் ஸ்டியரிங்கைச் சட்டென ஒடித்தால், சக்கரம் தாரின் விளிம்பில் இடித்து ஏறி, வண்டி குறுக்கே பாயும். அங்கேதான் விபரீதம் தொடங்குகிறது.

1997ல் கற்ற பாடம்

1997 அக்டோபரில் ஸ்வீடன் நாட்டுக் கார் பத்திரிகை ஒன்று, அப்போது புதிதாக வந்திருந்த மெர்சிடிஸ் ஏ கிளாஸ் காரைச் சோதித்தது. அது உயரமான சிறிய குடும்ப கார். சாலையில் திடீரென ஒரு காட்டு மான் குறுக்கிட்டால் எப்படி ஒடித்துத் திரும்புவோமோ, அப்படி இடமும் வலமும் திருப்பிப் பார்த்தார்கள். கார் கவிழ்ந்தது. நிறுவனம் விற்பனையை நிறுத்தி, சஸ்பென்ஷனை மாற்றி, அதுவரை விலை உயர்ந்த கார்களில் மட்டும் இருந்த மின்னணு நிலைத்தன்மைக் கருவியை எல்லா ஏ கிளாஸ் கார்களிலும் பொருத்தியது.

இ.எஸ்.சி. அல்லது இ.எஸ்.பி. என்று அழைக்கப்படும் இந்தக் கருவி செய்வது இதுதான்: ஸ்டியரிங் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, வண்டி உண்மையில் எந்தப் பக்கம் போகிறது என்று நொடிக்குப் பலமுறை ஒப்பிட்டுப் பார்க்கும். இரண்டும் பொருந்தாவிட்டால் தேவையான ஒரு சக்கரத்துக்கு மட்டும் தானே பிரேக் போட்டு, இன்ஜின் வேகத்தையும் குறைத்து வண்டியைப் பாதைக்குத் திருப்பும். வேறு வண்டி சம்பந்தப்படாமல் தானே விபத்துக்குள்ளாகி உயிர் போவதை இக்கருவி சுமார் பாதியாகக் குறைப்பதாக அமெரிக்க ஆய்வுகள் காட்டின. அங்கே 2012 மாடல் முதலும், ஐரோப்பாவில் 2014 முதலும் எல்லாப் புதிய கார்களிலும் இது கட்டாயம்.

ஏ.பி.எஸ். வேறு, இது வேறு. திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பதுதான் ஏ.பி.எஸ்.சின் வேலை. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களில் அது கட்டாயம். 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் தரமதிப்பீட்டில் மூன்று நட்சத்திரமோ அதற்கு மேலோ பெற வேண்டுமானால் இ.எஸ்.சி. இருந்தாக வேண்டும்.

பழைய வண்டி வாங்குவோர் கவனத்துக்கு

நம் பகுதியில் செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்குவோர் அதிகம். சாவியைத் திருப்பியதும் மீட்டர் போர்டைப் பாருங்கள். காரின் கீழே வளைந்த இரண்டு கோடுகள் போட்ட விளக்கு எரிந்து அணைந்தால் இ.எஸ்.சி. இருக்கிறது. எரிந்தபடியே இருந்தால் அது பழுதாகியிருக்கலாம் அல்லது அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம். அந்த விளக்கே வராவிட்டால் அநேகமாகக் கருவி இல்லை. ஒரே மாடலில் விலை குறைந்த வேரியண்டில் இல்லாமலும், உயர்ந்ததில் இருக்கவும் கூடும்.

கருவியால் முடியாதது

அதிக வேகத்தையும் அதிக பாரத்தையும் எந்தக் கருவியாலும் ஈடுகட்ட முடியாது. 15 பேர் செல்லும் வேன்களை ஆராய்ந்த அமெரிக்க அமைப்பு, பத்துப் பேரும் அதற்கு மேலும் ஏறினால், தனித்து நேரும் விபத்துகளில் கவிழும் விகிதம் ஏறத்தாழ மூன்று மடங்காவதாக 2001ல் எச்சரித்தது. ஆட்கள் ஏற ஏற எடை மையமும் மேலே ஏறுகிறது. கேரியரில் வைக்கும் பெட்டி அதை இன்னும் உயர்த்துகிறது.

டயரும் அப்படித்தான். 2000ஆம் ஆண்டு ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. அவற்றில் பல ஃபோர்டு எக்ஸ்புளோரர் என்ற உயரமான வண்டியில் இருந்தன. ஓடும்போதே டயரின் மேல்தோல் கழன்று, வண்டிகள் கவிழ்ந்து பலர் இறந்தனர். வெயிலும் வேகமும் பாரமும் காற்றுக் குறைவும் சேர்ந்தால் டயர் தாங்காது.

எனவே பயணத்துக்கு முன் நாம் செய்ய வேண்டியவை சிலவே:

டயர் சூடாகும் முன் காற்றைச் சரிபார்க்க வேண்டும். ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முழு பாரத்துக்கான அளவு இருந்தால் அதன்படி நிரப்ப வேண்டும்.

கனமான பெட்டியைக் கேரியரில் ஏற்றாமல் உள்ளே தரையில் வைக்க வேண்டும்.

சீட்டுக்கு மேல் ஆள் ஏற்றக் கூடாது. மூன்றாவது வரிசை உட்பட எல்லோரும் பெல்ட் போட வேண்டும். கவிழும் வண்டியில் வெளியே வீசப்படுபவர்களே அதிகம் இறக்கிறார்கள். பெல்ட் போடாவிட்டால் சட்டப்படி 1,000 ரூபாய் அபராதமும் உண்டு.

சக்கரம் மண்ணில் இறங்கினால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகம் குறைந்த பிறகு மெதுவாக ஏற வேண்டும். ஆடோ நாயோ குறுக்கே வந்தால் ஒடிக்காமல் நேராக பிரேக்கை அழுத்த வேண்டும். ஏ.பி.எஸ். இருந்தால் பெடல் அதிரும். காலை எடுக்க வேண்டாம்.

வாடகை வண்டி பேசும்போது கிலோமீட்டர் விலையைக் கேட்கிறோம், ஏசி இருக்கிறதா என்று கேட்கிறோம். டயர் எப்படி, பின் சீட்டு பெல்ட் வேலை செய்கிறதா என்றும் கேட்போம். ஆள் கூடினால் இன்னொரு வண்டி பேசச் சொல்ல வீட்டுப் பெரியவர்கள் தயங்க வேண்டாம். மூன்றாவது வரிசையில் உட்காரப்போவது நம் பிள்ளைகள்தான்.