வேலியில் பூத்தால் தோட்டத்தில் காய்க்கும்

புதுக்குடியிருப்பில், ஓர் ஒழுங்கையின் முடிவில் இருக்கும் வீடு அது. கிணற்றடியில் பூசணிக்கொடி நன்றாகப் படர்ந்திருந்தது. காலையில் விரிந்த மஞ்சள் பூக்கள் கண்ணுக்குக் குளிர்ச்சியாகவே இருந்தன. ஆனால் அந்த வீட்டுத் தாயின் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

“பூவுக்குக் குறைவில்லை, பாதர். பிஞ்சு விரல் மொத்தம் வந்தவுடனை மஞ்சளடிச்சு விழுந்துபோகுது. என்ன மருந்து அடிக்கிறது?” என்று கேட்டார். கணவனை இழந்த நிலையில் இரண்டு பிள்ளைகளைப் படிப்பிப்பவர் அவர். ஒரு போகத்து மரக்கறி அவருக்குக் கொப்பி, சப்பாத்து, கடைக்கடன் எல்லாம் சேர்ந்த விடயமாகும்.

நாம் கொடியருகே அரை மணித்தியாலம் இருந்து பார்த்தோம். இலையில் நோய் இல்லை, தண்டில் வாடலும் இல்லை. மூன்று பெண்பூக்கள் விரிந்திருந்தன. ஆனால் அந்த அரை மணித்தியாலத்தில் ஒரு தேனீகூட அங்கு வரவில்லை. அடிப்பதற்கு மருந்து கேட்ட இடத்தில் உண்மையில் இல்லாமற் போயிருந்தது தேனீதான். இந்தத் தாயின் கேள்வி எமது பிரதேசத்தின் பல வீடுகளில் இன்று கேட்கப்படுகிறது. எனவே அதைச் சற்று ஆறுதலாகச் சிந்திப்பது பயனுள்ளது.

பூ எப்படிக் காயாகிறது?

பூசணியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. பெண்பூவின் அடியில் சிறிய பிஞ்சு இருக்கும். ஆண்பூ வெறும் நீண்ட காம்பில் நிற்கும். ஆண்பூவின் மகரந்தம் பாரமானது, ஒட்டுந்தன்மை உள்ளது. அதைக் காற்றுக் கொண்டுபோக முடியாது. தேனீயோ வண்டோதான் சுமக்க வேண்டும். விடியலில் விரியும் பூ, மதியத்துக்கு முன்பே சுருங்கிவிடுகிறது. அந்தச் சில மணித்தியாலத்துள் எவரும் வராவிட்டால் பிஞ்சு வெம்பி விழுவதைத் தவிர வேறு வழியில்லை. எந்த உரமும் எந்த மருந்தும் அதைத் தடுக்கமாட்டா.

எல்லாப் பயிருக்கும் ஒரே விருந்தாளி அல்ல. புடோலின் வெள்ளைப் பூ மாலையில் விரிகிறது. இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகளே அதற்கு உதவுகின்றன. கத்தரியும் தக்காளியும் தம் பூவிலே தாமே கருக்கட்டக் கூடியவை. ஆனால் அவற்றின் மகரந்தம் சிறிய குழாய்க்குள் அடைபட்டிருப்பதால், பூவைப் பிடித்து உடலை அதிரவைத்து அதை உதிர்க்கும் கருவண்டு போன்றவை வந்தால் காய் கூடும். பொந்தில் வாழும் எமது தேனீக்கு இந்த வித்தை தெரியாது. கொடித்தோடையின் பெரிய பூவுக்கும் கருவண்டின் பருமனே பொருத்தமானது. மாம்பூவுக்கு நாம் அருவருக்கும் இலையான்களும் பெரிய உதவி செய்கின்றன.

2016ஆம் ஆண்டில் சர்வதேச விஞ்ஞானிகள் குழுவொன்று வெளியிட்ட அறிக்கை, உலகின் முக்கிய உணவுப் பயிர் வகைகளில் நான்கில் மூன்று பங்கு, ஓரளவுக்கேனும் இவ்வாறான உயிரினங்களில் தங்கியுள்ளன என்று கூறியது. நெல்லுக்குத் தேனீ தேவையில்லை என்பது உண்மையே. ஆனால் சோற்றுக்குக் கறி வேண்டுமே! பிள்ளைகளுக்கு விற்றமின் தரும் மரக்கறியும் பழமும் பெரும்பாலும் பூச்சியின் உழைப்பால் வருகின்றன.

எமது மண்ணில் நடந்தது

2009இன் முதல் மாதங்களில் இந்தப் பிரதேசத்தின் மண் பட்ட பாட்டை நாம் இங்கு விபரிக்கத் தேவையில்லை. பனையும் தென்னையும் பதுங்குகுழிகளுக்குத் தறிக்கப்பட்டன. நின்றவற்றில் பலவற்றை எறிகணைகள் முறித்தன. மக்கள் முகாம்களில் இருந்து கட்டங்கட்டமாகவே திரும்பினர். 2012 செப்ரெம்பரில் மெனிக் பாம் முகாம் மூடப்பட்டபோது அங்கிருந்து கடைசியாக வெளியேறியவர்கள் எமது முல்லைத்தீவு மாவட்டத்து மக்களே.

திரும்பியவர்கள் கண்டது எல்லை தெரியாத பற்றைக்காடு. கண்ணிவெடிப் பயம் வேறு. ஆகவே காணியை வெளியாக்குவது முதல் வேலையாயிற்று. இங்கே எமது பிழையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அபிவிருத்திப் பணியில் நின்ற நாம் விதையும் மண்வெட்டியும் கொடுத்தோம்; சீமெந்துத் தூணும் முட்கம்பியும் கொடுத்தோம். எத்தனை வீட்டுக்கு எத்தனை மீற்றர் கம்பி என்று அறிக்கையில் எழுதினோம். அன்றைய நிலையில் அது தேவையான உதவிதான். மாடும் ஆடும் பயிரைத் தின்றால் மக்கள் எதைச் சாப்பிடுவது? ஆனால் கம்பியோடு சேர்த்து ஒரு கதியாலும் நடும்படி நாம் சொல்லவில்லை. மரவேலி என்று ஒன்று இருந்தது என்பதை எமது திட்டம் மறந்துவிட்டது.

எமது முன்னோர் வேலி அடைத்தது காணியைப் பிரிப்பதற்கு மட்டுமல்ல. சீமைக்கிளுவை ஆட்டுக்குக் குழையும் வயலுக்குப் பசளையும் தந்தது. பூவரசு நிழலும் தடியும் தந்தது. முள்முருக்கு, கிளுவை, முருங்கை, ஆடாதோடை என்பன இடையிடையே நின்றன. இவை எல்லாம் பூத்தன. எவரும் ‘தேனீக்குத் தோட்டம்’ என்று சொல்லாமலே ஊர் முழுவதும் ஒழுங்கைக்கு ஒழுங்கை தேனீயின் தோட்டமாக இருந்தது. முட்கம்பி பூப்பதில்லை.

வெயில் நாட்டுக்குரிய தோட்டம்

குளிர் நாடுகளில் தேனீக்காகப் புல்வெளியில் பூஞ்செடி விதைக்கிறார்கள். அந்த முறை எமக்கு அப்படியே பொருந்தாது. எமக்குக் கிடைக்கும் மழையில் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்து முடிகிறது. ஆனி, ஆடி, ஆவணியில் சோளகம் மண்ணை வாரி அடிக்கும்போது நிலத்தோடு வளரும் சிறுபூண்டுகள் கருகிவிடுகின்றன. மாரியில் வயிறு நிறைந்த தேனீ, கோடையில் பட்டினி கிடந்தால் கூட்டைவிட்டுப் போய்விடும். எனவே வன்னியில் தேனீக்கு உணவு தர வேண்டியவை, ஆழ வேரோடிய மரங்களும் வறட்சியைத் தாங்கும் செடிகளுமே. அவை நிற்கச் சிறந்த இடம் வேலி.

தை தொடக்கம் பங்குனி வரை சீமைக்கிளுவையும் முள்முருக்கும் பூக்கின்றன. பங்குனி, சித்திரையில் வேம்பும் இலுப்பையும், அதை அடுத்துக் கொன்றையும் புளியும் வருகின்றன. இவற்றுக்குப் பின் வரும் கடும் கோடையே சோதனைக் காலம். அப்போது கைகொடுப்பவை பூவரசு, முருங்கை, செவ்வரத்தை என்பனவும், நாம் மதிக்காத இரு செடிகளான ஆவரசும் எருக்கலையும் ஆகும். ஆவரசின் மஞ்சட்பூவும் எருக்கலைப் பூவும் கருவண்டை வாழவைக்கின்றன. அதே கருவண்டுதான் பின்னர் எமது கத்தரிக்கு வருகிறது. ஆனால் பூக்கிறது என்பதற்காகப் பார்த்தீனியம் போன்ற வரத்துக் களைகளை விட்டுவைக்கக்கூடாது. அவை நிலத்தையும் எமது சுவாசத்தையும் கெடுப்பவை.

சீமைக்கிளுவை பற்றி ஒரு முக்கிய குறிப்பு. அது முற்றிய கிளையிலேயே பூக்கும். ஆட்டுக்கும் வயலுக்குமென்று முழு வேலியையும் ஒரே தடவையில் மொட்டையடித்தால் அந்த வருடம் பூ இல்லை. ஒரு பக்க வேலியை வெட்டினால் மறு பக்கத்தைப் பூக்கவிட வேண்டும். ஆட்டுக்கும் குறைவில்லை, தேனீக்கும் குறைவில்லை.

பறவைகளும் எமது கூலியாட்கள்

செவ்வரத்தையிலும் முள்முருக்கிலும் தேன் குடிக்க வரும் தேன்சிட்டை எல்லோரும் அறிவோம். நீண்டு வளைந்த சொண்டுள்ள ஒரு தேன்சிட்டு வகைக்கு, 1752 முதல் 1757 வரை இலங்கையில் ஒல்லாந்த ஆளுநராக இருந்த லோட்டன் என்பவரின் பெயரைப் பறவையியலாளர் வைத்துள்ளனர். தேன் குடிக்கும் அந்தச் சிறிய பறவையும் தன் குஞ்சுக்குத் தேனை அல்ல, சிலந்தியையும் பூச்சியையுமே ஊட்டுகிறது. புலுனிக் கூட்டம் சருகைக் கிளறிப் புழுவைத் தேடுகிறது. கரிக்குருவி வேலித்தடியில் இருந்து பறக்கும் பூச்சியைப் பிடிக்கிறது.

“மயிலும் கிளியும் செய்கிற அழிவு உங்களுக்குத் தெரியாதோ?” என்று விவசாயிகள் கேட்பது நியாயமானதே. கிளி சோளனை விட்டுவைப்பதில்லை. மயில் விதையைக் கிளறிவிடுகிறது. அதற்கு வலையும் காவலும் வேண்டும். ஆனால் நாலு வகைப் பறவை செய்யும் சேதத்துக்காக, நாற்பது வகை செய்யும் சேவையை நாம் இழக்கக்கூடாது.

தண்ணீரும் தங்குமிடமும்

வெயில் நாட்டில் பூவைவிடத் தண்ணீர் அரிது. தேனீ குடிப்பதற்கு மட்டுமன்றிக் கூட்டைக் குளிரவைக்கவும் தண்ணீர் காவுகிறது. உடைந்த மட்பாண்டத்தில் கூழாங்கல் பரப்பி, கல்லின் தலை தெரியத் தண்ணீர் விட்டு, கிணற்றடி நிழலில் வையுங்கள். கல் இல்லாவிட்டால் தேனீ விழுந்து இறந்துவிடும். பறவைக்கு அகன்ற சட்டி போதும். டெங்கு நுளம்பு பெருகாதபடி ஒவ்வொரு நாளும் தண்ணீரை மாற்ற வேண்டும்.

தங்குமிடமும் வேண்டும். கருவண்டு காய்ந்த மரத்தைத் துளைத்தே முட்டையிடுகிறது. கூரை மரத்தைத் துளைக்கிறது என்று அதைக் கொல்வதிலும் பார்க்க, காய்ந்த பூவரசம் கட்டை ஒன்றை வேலியில் கட்டிவிடுவது நல்லது. வேறு பல தேனீ வகைகள் நிலத்திலும் மண்சுவரிலும் குடியிருக்கின்றன. ஆகவே முற்றம் முழுவதற்கும் சீமெந்து பூசாமல், ஒரு மூலையைக் கிளறாத வெறுமண்ணாக விடுங்கள். சிறிய தேனீ வகைகள் கூட்டிலிருந்து சில நூறு மீற்றருக்கு அப்பால் செல்வதில்லை. காட்டோரத்தில் தேனீ இருந்தால் போதாது. எமது ஒழுங்கையிலும் இருக்க வேண்டும்.

மருந்துப் போத்தல்

பூச்சிநாசினி நல்ல பூச்சி, கெட்ட பூச்சி என்று பார்ப்பதில்லை. பயிரின் உடலெங்கும் ஊறிச் செல்லும் சில நாசினிகள் பூவின் தேனிலும் மகரந்தத்திலும் கலக்கின்றன. இமிடாக்குளோபிறிட் உட்பட அவ்வகை மூன்றைத் திறந்தவெளியில் பயன்படுத்துவதை ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் தடைசெய்தது. காரணம் தேனீக்களுக்கு ஏற்பட்ட தீங்கு.

தடை என்றதும் எமது விவசாயிகளுக்கு 2021 நினைவுக்கு வரும். அவ்வருடம் மே மாதத்தில் இரசாயன உரமும் நாசினியும் இறக்குமதி செய்வது திடீரெனத் தடுக்கப்பட்டது. மக்கள் பட்ட கஷ்டத்தின் பின் நவம்பரில் தடை நீக்கப்பட்டது. ஆயத்தம் இல்லாமல் மேலிருந்து வரும் மாற்றம் ஏழையையே முதலில் அடிக்கும் என்பது அதன் பாடம். ஆகவே நாளைக்கே போத்தலை எறியுங்கள் என்று நாம் சொல்லவில்லை. பூக்கும் காலத்தில் அடிக்காதீர்கள். தவிர்க்க முடியாவிட்டால் பொழுதுபட்ட பின் அடியுங்கள் என்றே சொல்கிறோம். புடோலுக்கு அந்த நேரமும் பொருந்தாது. அதன் விருந்தாளி வருவது இரவில்தான். பாகல், புடோல் பிஞ்சுகளைக் கடதாசிப் பையால் மூடினால் காயைத் துளைக்கும் ஈயின் சேதம் குறையும். மருந்துச் செலவும் மிஞ்சும்.

இந்த மாரிக்கு முன் செய்யக்கூடியவை

1. மணிக்கட்டு மொத்தத்தில், ஐந்தாறு அடி நீளமான சீமைக்கிளுவை, பூவரசு, முள்முருக்குக் கதியால்களை ஆயத்தப்படுத்தி, முதல் மழையோடு ஓரடி ஆழத்தில் நடுதல். முட்கம்பியைக் கழற்றத் தேவையில்லை. அதன் அருகிலேயே நடலாம்.

2. வேலி மூலையில் ஆவரசையும் எருக்கலையையும் வெட்டாது விடுதல். கிணற்றடியில் துளசியும் செவ்வரத்தையும் வைத்தல்.

3. கோடை முழுவதும் நிழலில் தேனீக்கும் பறவைக்கும் தண்ணீர் வைத்தல்.

4. மாதர் சங்கமோ பங்கின் இளையோரோ சேர்ந்து, தனி வீடாக அன்றி ஓர் ஒழுங்கை முழுவதையும் எடுத்து நடுதல். ஒரு வீட்டில் அடிக்கும் மருந்து அடுத்த வீட்டுத் தேனீயையும் கொல்லும். ஒரு வீட்டில் பூக்கும் வேலி அடுத்த வீட்டுப் பூசணியையும் காய்க்கவைக்கும்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2015இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சீ’ என்னும் சுற்றுமடலில், விவசாய நஞ்சுகளால் மறைந்துபோகும் பறவைகளும் பூச்சிகளும் விவசாயத்துக்கே பயனுள்ளவை என்பதை எடுத்துக்காட்டினார். உரோமாபுரியில் எழுதப்பட்ட அந்தச் செய்தியை நாம் புதுக்குடியிருப்பின் பூசணிக்கொடியில் கண்டோம்.

அன்று காலையில் அந்தத் தாய்க்கு மருந்தின் பெயர் எதையும் நாம் சொல்லவில்லை. ஓர் ஆண்பூவைப் பறித்து, இதழைக் கிழித்து, அதன் நடுத்தண்டைப் பெண்பூவின் நடுவில் மெதுவாகத் தடவிக் காட்டினோம். அடுத்த நாள் முதல் பாடசாலைக்குப் போகுமுன் அவரது மகள் அதைச் செய்தாள். சில காய்கள் நின்றன. “தேனீ செய்யிற வேலையைப் பிள்ளை செய்யுது” என்று தாய் சிரித்தார். எமக்குச் சிரிப்பு வரவில்லை. விடியலில் புத்தகம் எடுக்க வேண்டிய பிள்ளையை, நாம் மறந்த ஒரு வேலிக்காகப் பூவுக்குப் பூ அலையவிட்டோமே என்ற எண்ணமே வந்தது. அந்த மாரியில் அவரது கம்பி வேலியோரம் முப்பது கதியால் நட்டோம். அவை பூக்க இன்னும் காலம் எடுக்கும். ஆனால் நடாத கதியால் ஒருநாளும் பூக்காது.